சிக்னல் குறையிற எடத்துல செத்துப்போற மொடியூல்: ஃபைனல் இயர் ப்ரொஜெக்ட் செய்ற தம்பி தங்கச்சிமாருக்கு

இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல வளந்தவன் நான், எலக்ட்ரோனிக்ஸ் படிச்சேன். ஃபைனல் இயர்ல நம்ம ஊர் டீ ஃபெக்டரிக்கே ஏதாச்சும் செய்யணும்னு ஒரு வீம்பு. கொழுந்து வாட்டுற மாடியில சூடும் ஈரப்பதமும் அளந்து டீமேக்கர் (ஃபெக்டரியில தேயிலை தயாரிப்ப பாத்துக்கிறவர்) ஃபோனுக்கு எஸ்எம்எஸ் அனுப்புற ஒரு பெட்டி, அவ்வளவுதான் ப்ரொஜெக்ட்.

அது 2022, டொலர் 200 ரூபாயிலருந்து 360க்கு ஏறுன வருஷம், அதனால எது மலிவோ அதத்தான் கண்ணு தேடுச்சு. ப்ரொகிராம் போட்டு ஓட்டுற சின்ன போர்ட் ஆர்டுயினோ ஊனோ, சூடும் ஈரப்பதமும் அளக்குற டிஎச்டி11 சென்சர், சிம் போட்டு எஸ்எம்எஸ் அனுப்புற சிம்800எல் மொடியூல். செலக்ட் பண்ணேன்னு சொன்னா பொய், கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல கடைக்காரர் எடுத்து வச்சத பையில போட்டுக்கிட்டு ரயில் ஏறிட்டேன்.

சிம்800எல்லுக்கு 3.4லருந்து 4.4 வோல்ட் வரைக்கும்தான் குடுக்கலாம். நான் என்ன செஞ்சேன்னா ஊனோவோட 5 வோல்ட்ட எடுத்து நடுவுல ஒரு 1என்4007 டயோட் போட்டு கொறச்சேன், சீனியர் ஒருத்தர் சொன்ன ஐடியா. கம்பஸுக்காக நான் தங்கியிருந்த போர்டிங்ல ஜம்முனு வேலை செஞ்சுச்சு, மொடியூல்ல இருக்கிற சின்ன லைட் 3 செக்கனுக்கு ஒருக்கா மினுக்கும், அப்படின்னா நெட்வேர்க் கெடச்சிருச்சுன்னு அர்த்தம். மூணு வாரம் ஓடுச்சு, நானும் ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சிட்டேன்.

தோட்டத்துக்கு கொண்டு போனா லைட் படபடன்னு மினுக்குது, செக்கனுக்கு ஒருக்கா, நெட்வேர்க் தேடுது தேடுது, அப்புறம் அணைஞ்சு திரும்ப முதல்லருந்து. சிம்ம மாத்துனேன், அன்டெனாவ மாத்துனேன், கோட மூணு தடவ எழுதுனேன், ஒரு பிரயோசனமும் இல்ல. மல்டிமீட்டர் வச்சா 4 வோல்ட் அசையாம காட்டுது.

விஷயம் என்னன்னா டவர் கிட்ட இருந்தா மொடியூல் மெதுவா பேசுனா போதும், தூரத்துல மலைக்கு அந்தப்பக்கம் இருந்தா முழு பவர்ல கத்தணும். அப்படி கத்துறப்போ 2 அம்பியர் வரைக்கும் இழுக்கும், அதுவும் வெறும் 0.577 மில்லிசெக்கன். மல்டிமீட்டர் மெதுவா பாக்குற சாமான், இது அதோட கண்ணுல படாது. கம்பஸ் லேப்ல, தோட்டத்துல மாதிரியே சிக்னல் கொறையட்டும்னு அன்டெனாவ கழட்டிட்டு, வோல்ட்டேஜ் வேகமா மாறுறத படமா காட்டுற ஒசிலஸ்கோப்ல பாத்தப்போதான் வோல்ட்டேஜ் 3க்கு கீழ குழி மாதிரி விழுறது தெரிஞ்சுச்சு. ஊனோவுக்கு கரண்ட் யூஎஸ்பி வழியாத்தான் போகுது, அந்த வழியில இருக்கிற ஃபியூஸே 500 மில்லிஅம்பியர்தான், இதுல 2 அம்பியருக்கு எங்க போறது? ஜம்பர் வயர் வேற நூல் மாதிரி.

இவ்வளவும் மொடியூல் கம்பெனி குடுக்கிற விவரத்தாள்ல, அதான் டேட்டாஷீட்ல, இருந்துச்சு. நான் முதல் பக்கத்த மட்டும் பாத்துட்டு மூடிட்டேன். நீங்க சாமான் வாங்குறதுக்கு முன்னாடி டைப்பிக்கல்னு (வழக்கமா இருக்கிற அளவு) போட்டிருக்கிற நம்பர விட்டுட்டு மெக்சிமம், பீக்னு போட்டிருக்கிறத ஒரு கொப்பியில எழுதுங்க, பக்கத்துலயே அந்த சாமான் கடைசியா எங்க போய் உக்காரப்போகுதுன்னும் எழுதுங்க. அந்த ரெண்டாவது வரிய யாரும் எழுதுறதே இல்ல, எனக்கு அடி விழுந்ததே அங்கதான்.

சென்சர் கதையும் அதே ஜாதிதான். டிஎச்டி11 ஈரப்பதத்த 20லருந்து 90 வீதம் வரைக்கும்தான் அளக்கும், அதுவும் 5 வீதம் முன்ன பின்ன இருக்கும். ஜூன் ஜூலை மழையில நம்ம ஊர்ல 90லாம் சர்வசாதாரணம். டீமேக்கர் அண்ணே சுவத்துல தொங்குற ஈரத்துணி தெர்மாமீட்டர பாத்துட்டு என் ஸ்கிரீனையும் பாத்து, "தம்பி உன் மெஷினு காலையிலருந்து ஒரே நம்பர்ல நிக்குதே, தூங்குதா?"ன்னு கேட்டாரு. டிஎச்டி22 போட்டிருந்தா 100 வரைக்கும் போகும். மலிவுன்னு நெனச்சு ரெண்டு தடவ வாங்குனேன், அதுக்காக இன்னொருக்கா கொழும்பு போய் வந்ததுல ஒரு நாள் போச்சு.

கடைசியில, வோல்ட்டேஜ கொறச்சு குடுக்குற எல்எம்2596 பக் கன்வேர்ட்டர 4.1 வோல்ட்டுக்கு செட் பண்ணி, 12 வோல்ட் அடெப்டர்லருந்து தனியா குடுத்து, மொடியூல் காலுக்கு ஒட்டுனாப்புல 1000 மைக்ரோஃபெரட் கெப்பாசிட்டர் வச்சேன். கிரவுண்ட மட்டும் ஊனோவோட சேத்தேன், அத மறந்தா ஒண்ணுமே வேலை செய்யாது.

ப்ரொஜெக்ட் பத்தி நேர்ல கேள்வி கேக்குற வைவால சேர் ப்ரொகிராம் பத்தி ஒரு கேள்வியும் கேக்கல. நேரா அந்த கெப்பாசிட்டர காட்டி ஏன் 1000ன்னாரு. போர்ட்ல எழுதிக் காட்டுனேன், 2 அம்பியர 0.577 மில்லிசெக்கனால பெருக்கி 1000 மைக்ரோஃபெரட்டால வகுத்தா 1.15 வோல்ட், அதாவது கெப்பாசிட்டர மட்டும் நம்புனா 4.1ங்கிறது 2.95க்கு எறங்கிரும், அதனால பெரும்பங்க பக் குடுக்குது, இது அந்த முதல் இழுப்ப மட்டும் தாங்குது. "அப்ப 2200 போட்டிருக்கலாமே?"ன்னாரு. போட்டா அரை வோல்ட்தான் எறங்கும் சேர், ஆனா பெட்டி மூட முடியலன்னேன். சிரிச்சிட்டு அடுத்த பக்கத்த திருப்புனாரு.