டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்?

கலிபோர்னியாவில் டாஹோ ஏரி மலைப் பக்கம் பனிக்காலத்தில் போகிறவர்கள், பனியில் வழுக்காமல் இருக்க டயரில் சுற்றும் செயினைப் பெரும்பாலும் டயர் அளவை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். பெட்டியில் 225/65 ஆர்17, டயரிலும் அதே எண். சரிதான். ஆனால் டயரின் உள்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

இப்போதைய கார்களில் முன்சக்கர ஸ்ட்ரட், அதாவது சஸ்பென்ஷன் தூண், டயரை ஒட்டியே நிற்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத வண்டிகள் உண்டு. பக்கத்திலேயே பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர். தடித்த செயின் சுற்றும்போது அங்கே உரசினால் முதலில் போவது இவைதான். அதனால் கடைக்குப் போகும் முன் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள். செயினுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை வைத்து வகை பிரித்திருப்பார்கள். "கிளாஸ் எஸ் மட்டும்" என்றிருந்தால், டிரெட்டுக்கு (தரையைத் தொடும் டயர் பரப்புக்கு) மேலே 37 மி.மீ., பக்கச்சுவரில் 15 மி.மீ. இடத்துக்குள் அடங்குகிற செயின்தான் போடலாம். கிளாஸ் யூ-வுக்கு 50, 23 மி.மீ. வேண்டும். ஒரே மாடலிலேயே சிறிய ரிம்முக்குச் செயின் போடலாம், பெரிய ரிம்முக்குக் கூடாது என்றும் எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் சின்ன ரிம்மில் ஒரு செட் பனி டயர் வாங்குவதுதான் வழி.

இடம் இருக்கிறதென்றால் ஆழமான பனிக்குக் கம்பிவடத்தால் ஆன கேபிளைவிட இரும்புக் கண்ணிச் செயின் மேல். கேபிள் மெல்லியது, மாட்டுவது சுலபம், ஆனால் கடிக்காது. கண்ணியிலும் ஏணி மாதிரி குறுக்கே மட்டும் ஓடுவதைவிட வைர வடிவப் பின்னல் நல்லது. எப்போதும் ஏதாவது ஒரு கண்ணி தரையைத் தொட்டபடி இருக்கும், பிரேக் போடும்போது பக்கவாட்டில் வழுக்குவதும் குறையும். செயினுக்குப் பதில் டயர்மேல் மாட்டும் துணி உறை தார் தெரிந்த இடத்தில் சீக்கிரம் கிழியும், ஆழப் பனிக்கு அதை நம்பவே வேண்டாம். ஒன்று, பனி வண்டியின் அடிவயிற்றைத் தொட்டுவிட்டால் எந்தச் செயினும் உதவாது. சக்கரம் குழி தோண்டும், வண்டி அந்தரத்தில் உட்கார்ந்துவிடும்.

முன்சக்கர இழுவை என்றால் முன்னால், பின்சக்கர இழுவை என்றால் பின்னால். ஆல் வீல் டிரைவில் கையேடு சொல்வதுதான். முன்னால் மட்டும் போட்டு இறக்கத்தில் வரும்போது பின்பக்கம் சறுக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

ஏணிச் செயினில் குறுக்குக் கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்கக் கூடாது, வெளியே பார்க்க வேண்டும். டயர்மேல் விரித்துப் போட்டு, கொஞ்சம் நகர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டுங்கள். அப்புறம் வெளிப்பக்கம், கடைசியில் செயினை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் டென்ஷனர். காற்றை இறக்காதீர்கள். நூறு மீட்டர் போய் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். செயின் டயரில் உட்காரும்போது கட்டாயம் தளரும், இதைத் தவிர்ப்பவர்கள்தான் ஃபெண்டரைக் கிழித்துக்கொள்கிறார்கள். மிச்சமாகத் தொங்கும் நுனியை ஜிப் டை போட்டுக் கட்டிவிடுங்கள். வேகம் மணிக்கு 30 மைலுக்கு மேல் வேண்டாம். வேகம் கூடக் கூடச் செயின் வெளியே விரியும், நீங்கள் அளந்த இடைவெளியெல்லாம் காணாமல் போகும்.

டாஹோவுக்குப் போகும் ஐ-80, யூஎஸ்-50 நெடுஞ்சாலைகள் இரண்டிலும் செயின் கட்டுப்பாடு எவ்வளவு கடுமை என்பதைக் காட்ட ஆர்1, ஆர்2, ஆர்3 என்று பலகை வைப்பார்கள். ஆர்2-வில் நான்கு சக்கர இழுவையும் நான்கிலும் பனி டயரும் இருந்தால் மாட்ட வேண்டாம், ஆனால் டிக்கியில் செயின் இருந்தாக வேண்டும். ஆர்3 என்றால் யாருக்கும் விலக்கு இல்லை. பெரும்பாலும் அதற்கு முன்பே சாலையை மூடிவிடுவார்கள்.

சாலையோரம் காசு வாங்கிக்கொண்டு மாட்டிவிடுபவர்கள் கால்டிரான்ஸ் (மாநிலப் போக்குவரத்துத் துறை) ஊழியர்கள் அல்ல. விலை பேசிக்கொண்டு, ரசீது வாங்கி, பேட்ஜ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் செயின் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது; செயின் உங்களிடம் இருந்தால்தான் மாட்டிவிடுவார்கள்.