பழைய பாணி பேஸ்: ஆண்டை விடுங்கள், நெக்கை அளந்து பாருங்கள்

கடைச் சுவரில் பக்கத்துப் பக்கமாக இரண்டு பேஸ் கிற்றார்கள். இரண்டும் சன்பர்ஸ்ட் நிறம், இரண்டிலும் ஆமையோட்டு நிறப் பிக்கார்ட் (உடலின் முகப்பைக் காக்கும் தகடு). ஃபெண்டர் நிறுவனம் உருவாக்கிய இரண்டு வகைகள்: ஒன்று பிரிசிஷன், மற்றது ஜாஸ். தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. இடது கையால் நெக்கில், அதாவது தந்தி ஓடும் நீண்ட கைப்பிடியில், முதல் ஃபிரெட்டை (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பிடித்தவுடன்தான் வித்தியாசம் தெரியும்: பழைய பிரிசிஷனின் நட் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் சின்னக் கட்டை) 44.5 மில்லிமீற்றர் அகலம், ஜாஸின் நட் 38. ஆறரை மில்லிமீற்றர்தானே என்று விட்டுவிடாதீர்கள். சிறிய கை உள்ளவருக்கு மூன்று மணி நேரக் கோயில் திருவிழா நிகழ்ச்சியில் அது மணிக்கட்டில் தெரியும்.

பெயரை மட்டும் நம்பியும் வாங்க முடியாது. இன்றைய பிரிசிஷன்கள் பலவற்றில் நட் 41 அல்லது 42க்கு வந்துவிட்டது. அதனால் வேர்னியர் அளவுகோல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், பிளாஸ்ரிக்கில் செய்தது போதும். விலைச் சீட்டில் இருக்கும் ஐம்பதுகளும் அறுபதுகளும் நிறத்துக்கும் வடிவத்துக்கும் போட்ட பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விரல் பலகையின் வளைவு. பழைய அளவு 7.25 அங்குல ஆரம். ஃபெண்டரின் பழைய பாணி வரிசையான வின்டெராவில் இதுதான். ஃபெண்டரின் மலிவுப் பெயரான ஸ்குவையரில் வரும் கிளாசிக் வைப் வரிசை அதே தோற்றத்தோடு 9.5 அங்குலத்தில் வரும், பலகை கொஞ்சம் தட்டை. பேஸில் தந்தியை வளைத்து வாசிப்பது குறைவு என்பதால் வளைவே ஒரு குறையல்ல. ஆனால் தந்தியை எவ்வளவு தாழ்த்தலாம் என்பது மாறும். ஃபெண்டர் தரும் அளவுப்படி 17ஆம் ஃபிரெட்டில் 7.25க்கு ஈ தந்தி (தடித்தது) ஃபிரெட்டிலிருந்து 2.8 மில்லிமீற்றர் உயரம், ஜீ தந்தி (மெல்லியது) 2.4. 9.5க்கு அவை 2.4, 2.0. தந்தி தாழ்வாக வேண்டும் என்பவர் 7.25ஐ வாங்கிவிட்டு தந்தி ஃபிரெட்டில் உரசி 'பஸ்' அடிக்கிறது என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

என்னைக் கேட்டால் கொழும்பில் இவை எல்லாவற்றையும் விட முக்கியம் ட்ரஸ் ரொட்டை (நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) திருப்பும் இடம். ஏசி போட்ட பயிற்சி அறையிலிருந்து வெள்ளவத்தைக் கடற்காற்று அடிக்கும் வீட்டுக்கும், அங்கிருந்து திறந்தவெளி மேடைக்கும் போய்வரும் நெக் சும்மா இருக்காது. வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது கால் சுற்றுத் திருப்ப வேண்டிவரும். தலைப்பக்கம் துளை இருந்தால் அலன் கீயோடு இரண்டு நிமிட வேலை. பழமைக்கு விசுவாசமாகச் செய்தவற்றில் அது அடிப்பக்கம், உடலோடு சேரும் இடத்தில் இருக்கும். சிலவற்றில் பிக்கார்டில் சின்ன வெட்டு விட்டிருப்பார்கள், தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் தந்திகளைத் தளர்த்தி, நான்கு ஸ்குரூவையும் கழற்றி, நெக்கைத் தூக்கி, கால் சுற்றுத் திருப்பி, திரும்பப் பூட்டி, சுருதி சேர்த்து, அளந்து, போதாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அடிக்கடி கழற்றிப் பூட்டினால் மரத்தில் ஸ்குரூவின் பிடிமானமும் போகும். அழகுக்காக மட்டும் இந்தத் தொல்லையை வாங்காதீர்கள்.

நெக்கின் நீளவாக்கு வளைவை அளக்க: தந்தியை முதல் ஃபிரெட்டிலும் நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் அழுத்துங்கள். 8ஆம் ஃபிரெட்டின் மேல் இடைவெளி 0.3 முதல் 0.35 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். வாங்கும் நேரத்தில் கையில் இல்லையென்றால் தடித்த விசிட்டிங் கார்ட் உரசாமல் உரசி நுழைந்தால் சரி. இரண்டு மடங்கு இடைவெளி தெரிந்தால் ரொட் வேலை செய்கிறதா என்று கடைக்காரரை உங்கள் முன்னால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ரொட்டைத் திருப்பும் சுரை ஏற்கெனவே இறுக்கத்தின் எல்லையில் நின்றால் அந்த பேஸ் வேண்டாம்.

இனி ஒலி. 1957இல் பிரிசிஷனுக்கு வந்த இரண்டாகப் பிரிந்த பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தானாகவே இரைச்சலை அடக்கும். அதற்கு முந்திய, 1951 பாணி ஒற்றைச் சுருள் அப்படியல்ல. போதாததற்கு அதில் இரண்டு தந்திக்கு ஒரு சாடில் (உடல் பக்கம் தந்தி தங்கும் உலோகத் துண்டு), நான்கு தந்தியும் ஒருசேரச் சுருதியில் நிற்காது. ஜாஸில் இரண்டு வொல்யூமும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றை மட்டும் திறந்தால் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் பாடும். இரண்டும் முழுதாக இருந்தும் உறுமினால் யாரோ ஒரு பிக்கப்பைப் பொருந்தாமல் மாற்றியிருக்கிறார். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது வழக்கமானதுதான். கையில் சுருக்கென்று மின்சாரம் தெரிந்தால் உடனே கையை எடுங்கள், அம்ப்ளிஃபயரை நிறுத்துங்கள். பெரும்பாலும் பிழை பேஸில் அல்ல, ஏர்த் இல்லாத பிளக்கில்.

எழுபதுகளின் பாணி ஜாஸில் பிரிட்ஜ் (சாடில்கள் இருக்கும் தகடு) பக்கத்துப் பிக்கப் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் பின்னால் இருக்கும். ஒலி இறுக்கமாக, கூர்மையாக வரும். ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியை அடித்து) வாசிப்பவருக்கு நல்லது, பழைய பாட்டுக்கு அறுபதுகளின் இடைவெளிதான் குழைவு.

ஜீ தந்தியில் 5ஆம் ஃபிரெட்டிலிருந்து 7ஆம் ஃபிரெட் வரை ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீளப் பிடித்துக் கேளுங்கள். நீண்ட நெக் உள்ள இவ்வகை பேஸ்களில் ஒரு ஸ்வரம் சட்டென்று செத்துப்போவது சாதாரணம். தந்தி உயரம், நெக் வளைவு எல்லாம் சரிசெய்து செற்றப் பண்ணினாலும் அது போகாது. ஒரே மாதிரியில் இரண்டு இருந்தால், குறைவாகச் சாகிறதை எடுங்கள்.

பளபளப்பான பழுப்பு வார்னிஷ் நெக் படத்தில் அழகு. வியர்வை பட்டால் கட்டைவிரல் ஒட்டும். 0000 எண் ஸ்ரீல் வூலால் பின்பக்கத்தை நீளவாக்கில் மெல்லத் தேய்த்தால் சரியாகும். ஆனால் முதலில் பிக்கப்புகளை டேப்பால் மூடுங்கள். மூடாவிட்டால் இரும்புத் தூள் காந்தத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது.

கடலோரம் வாங்கிய பழைய பேஸ் என்றால் சாடிலின் சின்ன ஸ்குரூக்களைப் பாருங்கள். துரு பிடித்திருந்தால் ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு நாள் கழித்துத் திருப்புங்கள். அங்குலக் கீயும் மில்லிமீற்றர் கீயும் ஒன்றல்ல, கிட்டத்தட்டப் பொருந்தும் கீயைப் போட்டால் தலை உருண்டுபோகும். தந்தி 45-105 தடிப்பில் ஃபிளாற்வூண்டாக (தட்டையான கம்பி சுற்றியது) போட்டால் பள்ளங்களில் வியர்வை தங்காது, இங்கே உருண்டைக் கம்பி சுற்றிய றவுண்ட்வூண்டை விட நீண்ட நாள் தாங்கும். இழுவிசை பொதுவாகக் கூடும் என்பதால் போட்ட மறுநாள் நெக்கின் வளைவை மறுபடி அளந்துவிடுங்கள்.