ஆபீஸ் சுவத்துல மாட்டுற கருப்பினக் கலைஞர்களோட படம், கம்பெனி போனதுக்கப்புறம் என்ன ஆகும்?

லாஸ் ஏஞ்சலஸ்ல வெஸ்டர்ன் அவென்யூவும் ஆடம்ஸ் பூலவார்டும் சந்திக்கிற முனையில ஒரு அஞ்சு மாடிக் கட்டடம் இருக்கு. 1949-ல கட்டினது. கோல்டன் ஸ்டேட் மியூச்சுவல்ங்கிற லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனியோட ஹெட் ஆபீஸா இருந்த இடம். கருப்பின மக்கள் 1925-ல தங்களுக்காகத் தாங்களே ஆரம்பிச்ச கம்பெனி அது, ஏன்னா வெள்ளைக்காரங்க கம்பெனில அவங்களுக்கு பாலிசி குடுக்கவே யோசிப்பாங்க, குடுத்தாலும் பிரீமியத்தை ஏத்தி வச்சிடுவாங்க. கட்டடத்தோட ஆர்க்கிடெக்ட் பால் ஆர். வில்லியம்ஸ், அவரும் கருப்பினத்தவர்தான்.

அந்த லாபில ரெண்டு பெரிய சுவர் ஓவியம் இருக்கு. ஒண்ணு சார்லஸ் ஆல்ஸ்டன் வரைஞ்சது, இன்னொண்ணு ஹேல் வுட்ரஃப் வரைஞ்சது, ரெண்டு பேரும் கருப்பின ஓவியர்கள். கலிஃபோர்னியா வரலாத்துல கருப்பின மக்களோட பங்கு என்னங்கிறதுதான் விஷயம். 1850 வரைக்கும் ஆல்ஸ்டன், அங்கேருந்து 1949 வரைக்கும் வுட்ரஃப். பள்ளிக்கூடப் புத்தகத்துல அந்த வரலாறு இல்லாததால தேடித்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு, அதுக்கு உதவினவங்கள்ல ஒருத்தர் மிரியம் மேத்யூஸ், லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தோட முதல் கருப்பின லைப்ரரியன்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, இது மியூசியம் இல்லங்கிறதுதான். பிரீமியம் கட்ட வர்ற அம்மா, டைப்பிஸ்ட், ஏஜென்ட், கூட்டிப் பெருக்க வர்றவங்க எல்லாரும் டிக்கெட் இல்லாம, நாம உள்ள போலாமாங்கிற தயக்கம் இல்லாம, தினமும் தங்களோட ஜனங்க கதையைப் பாத்துக்கிட்டே வேலைக்குப் போயிருக்காங்க. அப்போ பெரிய மியூசியம் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்னா ஒண்ணு சொல்றேன், இது நடந்து 20 வருஷம் கழிச்சு 1969-ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் கருப்பின மக்களோட பகுதியா பேர் வாங்கின ஹார்லெம் பத்தி பெரிய கண்காட்சி வச்சுது, அதுல ஹார்லெம்ல இருந்த கருப்பின ஓவியர்களோட ஒரு பெயிண்டிங் கூட கிடையாது. வாசல்ல போராட்டமே நடந்துச்சு.

ஆல்ஸ்டனுக்கு இந்த மாதிரி அவமானம் புதுசும் இல்ல. 1936-ல ஹார்லெம் ஆஸ்பத்திரில அரசாங்கத் திட்டத்துல சுவர் ஓவியம் போட அவர் தலைமையில ஓவியர்கள் டிசைன் குடுத்தப்போ, கருப்பின மக்கள் விஷயம் ரொம்ப அதிகமா இருக்குன்னு ஆஸ்பத்திரி நிர்வாகம் எதிர்த்துச்சு. ஹார்லெம்ல இருக்கிற ஆஸ்பத்திரில! ஓவியர்கள் விடல, சண்டை போட்டு வரைஞ்சாங்க. இப்போ அந்த ஓவியங்களை சரிபண்ணி அதே ஆஸ்பத்திரியோட புது கட்டடத்துல 2012-லேருந்து எல்லாரும் பாக்கிற மாதிரி வச்சிருக்காங்க.

திரும்ப இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வர்றேன். 1965-ல அவங்க முறையா படம் வாங்கிச் சேக்க ஆரம்பிச்சாங்க. அதைப் பாத்துக்கிட்டவர் வில்லியம் பஜோ, கம்பெனில வேலை பாத்தவர், அவரே நல்ல வாட்டர்கலர் ஓவியர். வெளியிலேருந்து கன்சல்டன்ட் யாரையாவது கூப்பிட்டிருந்தா இப்படி அமைஞ்சிருக்காதுன்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா யாருக்கு இப்போ ஒரு படம் வித்தாதான் வீடு ஓடும்னு கூட இருக்கிற ஓவியனுக்குத்தான் தெரியும். சார்லஸ் வைட், எலிசபெத் காட்லெட் மாதிரி பெரிய கருப்பினக் கலைஞர்களோட வேலையெல்லாம் அந்த ஆபீஸ் சுவத்துல வந்து சேந்துச்சு.

அப்புறம் கம்பெனி நொடிச்சுப் போச்சு. 2007-ல நியூயார்க்ல ஸ்வான் ஏலக்கூடத்துல 90-க்கும் மேற்பட்ட படங்கள் ஏலம் போச்சு. அடிமைகளைத் தப்பிக்க வச்ச ஹாரியட் டப்மனை சார்லஸ் வைட் 1965-ல வரைஞ்ச படம் மட்டும் 3,60,000 டாலர். 2009-ல மாநில அரசு கம்பெனியையே எடுத்துக்கிச்சு. லாபி ஓவியங்களையும் அமெரிக்காவோட தேசிய மியூசியம் அமைப்பான ஸ்மித்சோனியன் வாங்கப் பாத்துச்சு, ஆனா இது இங்கதான் இருக்கணும்னு லாஸ் ஏஞ்சலஸ்ல பலர் குரல் குடுத்து கடைசில அதே சுவத்துல தங்கிடுச்சு. இப்போ அந்தக் கட்டடத்துல இருக்கிறது வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்கு உதவுற ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு.

சிகாகோல கருப்பின மக்களுக்கான எபனி பத்திரிகை நடத்தின ஜான்சன் பப்ளிஷிங் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ஆபீஸ் முழுக்க கருப்பினக் கலைஞர்களோட படம். 2019-ல திவால். அவங்களோட போட்டோ சேமிப்பை மட்டும் ஃபோர்டு, மெலன், மெக்கார்தர், கெட்டின்னு நாலு அறக்கட்டளைகள் சேந்து 3 கோடி டாலர் குடுத்து வாங்கி மக்களுக்காக ஸ்மித்சோனியன்கிட்டயும் கெட்டிகிட்டயும் ஒப்படைச்சாங்க. பெயிண்டிங் எல்லாம் 2020 ஜனவரில ஸ்வான்ல ஏலம். ஒரே கம்பெனி, ஒரே ஆபீஸ், போட்டோ பொதுச்சொத்தா ஆச்சு, பெயிண்டிங் ஆளாளுக்குப் பிரிஞ்சு போச்சு. நடுவுல ஒரு அறக்கட்டளை நின்னதுக்கும் நிக்காததுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனாலதான் ஆபீஸ் மட்டும் போதாது, கூடவே ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு இருக்கணும்னு சொல்றேன். கம்பெனிக்கு சுவர் இருக்கு, காசு இருக்கு, தினமும் பாக்குற ஆளுங்க இருக்காங்க. ஆனா கம்பெனிக்கு ஆயுசு கிடையாது, ஓனர் மாறினா, நஷ்டம் வந்தா படம் ஒரு ஃபர்னிச்சர் மாதிரி கணக்குல வந்துடும். ஹார்லெம் ஸ்டுடியோ மியூசியத்தைப் பாருங்க, 1968-ல ஒரு மதுக்கடைக்கு மேல வாடகை மாடில ஆரம்பிச்சது, அப்புறம் ஒரு பேங்க் தன்னோட கட்டடத்தையே தானமா குடுத்துச்சு. அந்த இடத்துலயே 2025 நவம்பர்ல புது கட்டடம் திறந்தாச்சு. அந்தப் பழைய கட்டடம் பேங்க் குடுத்தது, ஆனா படமும் முடிவும் மியூசியத்தோடது. வளர்ற ஓவியர்களுக்கு அங்கயே ஸ்டுடியோ இடமும் உதவித்தொகையும் குடுக்கிறாங்க, இன்னைக்குப் பேர் வாங்கின ஓவியர்கள் கெஹிண்டே வைலி, மிக்கலீன் தாமஸ் எல்லாம் அப்படி வந்தவங்கதான்.

இங்க அமெரிக்கால நான் முன்னாடி வேலை பாத்த ஒரு ஆபீஸ்ல பிப்ரவரி வந்தா கருப்பின வரலாறு மாசம்னு காரிடார்ல உள்ளூர் ஓவியர்களோட படம் மாட்டுவாங்க, மார்ச் பொறந்ததும் கழட்டிடுவாங்க. ஓவியருக்குக் கிடைச்சது பேர் போட்ட ஒரு அட்டை. விளம்பரம் கிடைக்குதேன்னு சொன்னாங்க. விளம்பரத்தை வச்சு வாடகை கட்ட முடியாதுங்க. அங்க இருந்த கேன்டீன் அக்கா ஒரு படத்தை நின்னு பாத்துட்டு இது எங்க பாட்டி ஊர் மாதிரியே இருக்குன்னு சொன்னாங்க, அவங்களுக்காகவாவது அதை வருஷம் பூரா விட்டிருக்கலாம்.

உங்க ஆபீஸ்லயும் கருப்பினக் கலைஞர்களோட படம் மாட்டலாம்னு பேச்சு வந்தா நீங்க எழுந்து கேக்க வேண்டியது இதெல்லாம்: படத்துக்காக ஓவியருக்குக் கம்பெனி குடுக்கிற மாச வாடகை எவ்வளவு, படத்துக்கு இன்ஷூரன்ஸ் யார் கட்டுறது, படம் வித்தா கம்பெனி கமிஷன் எடுக்குமா, எந்த அமைப்பு மூலமா வருது, அதுல முடிவெடுக்கிற இடத்துல கருப்பினக் கலைஞர்கள் இருக்காங்களா. கம்பெனி காசு போட்டு வாங்குறதா இருந்தா, மூடுற நிலைமை வந்தா படம் எந்த மியூசியத்துக்கோ அறக்கட்டளைக்கோ போகும்னு முதல் நாளே எழுத்துல வாங்கிடுங்க. கம்பெனி நல்லா ஓடுறப்போதான் அந்தக் கையெழுத்து கிடைக்கும், கடன்காரங்க வாசலுக்கு வந்ததுக்கப்புறம் கிடைக்காது.