முதல் மிதவையில் கேட்ட அரைச் சொல்

"போ" என்று தொடங்கியது மட்டும் நிச்சயம். அடுத்த எழுத்து வருவதற்குள் ஓர் அலை என் காதில் அடித்துவிட்டது. "போங்க" என்றாரா, "போகாதீங்க" என்றாரா? ஒரு வருடம் ஆகியும் குளிக்கும்போது தண்ணீர் காதில் விழுந்தால் அந்த "போ" கேட்கிறது.

சென்னையை அடுத்த கோவளம் கடலில், கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளியிருந்த முதல் மிதவை அருகே நடந்தது இது. டிரையத்லான் போட்டி: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நானும் போட்டியாளன், என்னிடம் பயிற்சி எடுக்கும் ஐந்து பேரும் போட்டியாளர்கள். அந்த "போ"வைச் சொன்னவர் அவர்களில் ஒருவர்: வங்கியில் வேலை பார்ப்பவர், முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். நீச்சல் குளத்தில் நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் நீந்துவார். கடலில் அதற்கு முன் நான்கே முறை.

குளத்தில் ஒவ்வொரு 25 மீட்டருக்கும் ஒரு சுவர் வரும், தரையில் கறுப்புக் கோடு ஓடும். கடலில் இரண்டும் கிடையாது. நம் தண்ணீரின் சூட்டுக்கு மிதக்க உதவும் ரப்பர் உடையான வெட்சூட்டுக்கும் அனுமதி இல்லை. தலையைத் தூக்கி மிதவையைத் தேடினால் இடுப்பு தாழும், தாழ்ந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பயம் வரும். இதையெல்லாம் நான்தான் வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். டிரையத்லானில் நடக்கும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலில்தான் என்பதையும் நானே சொல்லியிருக்கிறேன். அதனால் மல்லாந்து மிதந்தபடி வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

நான் நின்றேன். பத்து, பன்னிரண்டு நொடி இருக்கும். பாதுகாப்புக்கு நின்ற சின்னத் துடுப்புப் படகைக் கையால் காட்டி, "கயாக்கைப் பிடிச்சுக்கோங்க, பிடிக்கலாம், முன்னாடி நகரக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன். அந்த நிலையில் இருந்தவரிடம் நான் விதியை ஒப்பித்திருக்கிறேன்! அப்போதுதான் அவர் "போ..." என்றார். கயாக் ஐந்தாறு மீட்டரில் இருந்தது, அதில் இருந்தவரும் இவரைப் பார்த்துவிட்டார். நான் கவிழ்ந்து நீந்த ஆரம்பித்தேன்.

என் தரப்பு நியாயம் என்னிடம் உண்டு. நான் உயிர்காப்பாளன் இல்லை. தண்ணீரில் பயந்துபோனவர் பக்கத்தில் வருபவரையும் பிடித்து அமுக்கிவிடுவார். அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆள் கயாக்கோடு பக்கத்திலேயே இருக்கும்போது நான் குறுக்கே மிதப்பதில் யாருக்கும் லாபமில்லை. இவ்வளவும் சரி. ஆனால் திரும்பும்போது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்கு ஒரு நியாயமும் இதுவரை கிடைக்கவில்லை.

வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2016-இல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்த டிரையத்லானில், வெற்றிக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லீ வெயிலில் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தாங்கிக்கொண்டே ஓடி, எல்லைக்கோட்டில் தனக்கு முன்னால் தள்ளிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் ஹென்ரி ஷோமன் முதலிடம், தம்பி இரண்டாமிடம், அண்ணன் மூன்றாமிடம். அதன் பிறகு, சக வீரரைத் தாங்கி முன்னே நகர்த்தினால் தகுதி நீக்கம் என்று விதி வந்தது. "பாசம் வேற, விதி வேற" என்று முடிப்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் நின்றுகொண்டிருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்பது அந்த வகுப்புகளில் எனக்குத் தோன்றியதே இல்லை.

உண்மையில் இதுவரை சொன்னது பெரிய விஷயமே இல்லையோ என்றும் சில நாள் தோன்றும். பெரிய விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. சைக்கிளில் மாமல்லபுரம் பக்கம் போகும்போது காற்று முதுகில் இருந்தது, எதையும் நினைக்கவில்லை. திரும்பும்போது வாடைக்காற்று நேரே முகத்தில். திருவிடந்தை பக்கம் வரும்போது, எதிரே போகிறவர்களில் அவர் ஹெல்மெட்டைத் தேடினேன். காணோம். சைக்கிளை விட்டு ஓட்டத்துக்கு மாறும் இடமான டிரான்சிஷனுக்குள் வந்து சைக்கிளை மாட்டினேன். இரண்டு ஆள் தள்ளி அவருடைய சைக்கிள் அப்படியே நின்றது. துண்டு மடித்தபடி இருந்தது. ஓட்டத்துக்கான ஷூவுக்குள் நான் சொல்லிக்கொடுத்தபடி பவுடர் தூவி வைத்திருந்தார்.

பக்கத்தில் தன்னார்வலர் ஒருவர் நின்றார். "அவங்க என்ன ஆனாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் ஆம்புலன்ஸ், கூட்டம் என்று இருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 10 கிலோமீட்டரையும் ஓடினேன். என் நேரம் 2 மணி 51 நிமிடம். முந்தைய வருடத்தைவிட ஆறு நிமிடம் குறைவு. கோச் நன்றாக ஓடினால்தான் ஆட்கள் சேர்வார்கள், இதுவும் என் பிழைப்பு. (இதை எழுதும்போதே கசக்கிறது, ஆனால் பொய் இல்லை.)

அவர் பந்தல் நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கயாக்கிலிருந்து மீனவர்களின் ஃபைபர் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "டைம் என்ன சார்?" என்றார். சொன்னேன். "சூப்பர் சார்" என்றார். நான் அந்த "போ"வைப் பற்றிக் கேட்டேன்.

"போங்கன்னுதான் சொன்னேன் சார்" என்றார். யோசிக்காமல், உடனே. அந்த வேகம்தான் என்னை உறுத்துகிறது. மூச்சுக்குத் தவித்தவருக்கு என்ன சொன்னோம் என்று அவ்வளவு தெளிவாக நினைவிருக்குமா? இல்லை, எனக்காகச் சொன்ன பதிலா? இரண்டாம் முறை கேட்க வாய் வரவில்லை.

படகுக்காரருக்கு நன்றி சொல்லப் போனேன். வயதானவர், கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். "உங்க கூட வந்த பொண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்படியா" என்று விட்டு மறுபடி கயிற்றைச் சுற்றினார். அவர் வேறு எதுவும் நினைத்திருக்க மாட்டார், நான்தான் அந்த "அப்படியா"வைப் போட்டுப் பிசைகிறேன்.

அதன் பிறகு ஒரு முடிவெடுத்தேன்: புதியவர்கள் முதன்முதலாகக் கடல் போட்டிக்கு வரும் நாளில் நான் போட்டியில் இறங்க மாட்டேன், கரையில் நிற்பேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன், தலையாட்டினார்கள். அவரும் ஆட்டினார். பயிற்சியை விடவில்லை, வாரம் இரண்டு நாள் கடலுக்கு வருகிறார், இந்த வருடம் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு இது முதல் முறை இல்லையே, இரண்டாவதுதானே என்று போன வாரம் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் போட்டிக்குக் கட்டணம் கட்டிய ரசீது மின்னஞ்சலில் இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.