பல வருஷம் நின்ற கார்: முதல்ல பிரேக்

ரொம்ப நாள் நின்ற பழைய காரை எடுக்கிறவங்க நேரா இன்ஜினுக்குத்தான் போறாங்க. தயவுசெஞ்சு பிரேக்கை முதல்ல பாருங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 தர பிரேக் ஆயில் குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினா அது 140 பக்கம் இறங்கிடலாம். அதே ஈரம்தான் பிரேக் சிலிண்டருக்குள்ள துருவையும் பிடிக்க வைக்குது.

இப்போ நான் பார்க்கிற கார்ல பெடலை விட்டாலும் முன்சக்கரம் ஒண்ணு சுத்தல. காலிபர் பிஸ்டன் (பிரேக் பேடை டிஸ்க்ல அழுத்துற உருளை) மாட்டிக்கிச்சுன்னு உடனே கழட்டத் தோணும். பொறுங்க. மேலே ஆயில் வர்ற இரும்பு பைப் நட்டைத் தளர்த்தினேன், சக்கரம் விடல. கீழே காலிபர்ல பிளீடர் நிப்பிளை (காத்தையும் ஆயிலையும் வெளியே விடுற சின்ன திருகு) திறந்ததும் ஆயில் சர்ருன்னு பீச்சி, சக்கரம் லேசா சுத்துச்சு. அப்போ கோளாறு நடுவுல இருக்கிற ரப்பர் ஹோஸ்ல. வெளியே பளிச்சுன்னு இருக்கு. வெட்டிப் பார்த்தா உள்சுவர் உப்பி, ஊசி நுழையுற அளவுக்குத்தான் வழி. மிதிக்கிற அழுத்தத்துல ஆயில் போயிடும், திரும்பி வராது. ஹோஸை ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க.

ஏர் எடுக்கும்போது (பிரேக் லைன்ல சிக்கின காத்தை வெளியேத்தும்போது) பெடலை அடிவரைக்கும் மிதிக்காதீங்க. பெடல் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல ரப்பர் வாஷர் வழக்கமா போகாத இடம் துருவேறி இருக்கும், அங்கே உரசினா வாஷர் கிழியும். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வெச்சுக்கோங்க.