பழைய சர்வரும் புதிய மடிக்கணினிகளும்: நடுவில் ஒரு ராஸ்பெரி பை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தை ஒட்டிய வாசகசாலையில் விண்டோஸ் சர்வர் 2003 ஓடும் கணினி ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் செக்ரோல் (ஆட்களின் வருகைப் பதிவேடு) பக்கங்கள், ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் எடுத்த குழுப் படங்கள், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளின் படங்கள், தீமிதித் திருவிழா நோட்டீசுகள் எல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கின்றன. ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர் இன்னமும் வந்து உட்கார்ந்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்துவருகிறார். அவருடைய பெரிய ஸ்கேனர் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் தனிக் கணினியில் இருக்கிறது; அதை இயக்கும் டிரைவர் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. ஆகவே, எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு பழைய பெட்டியை ஓரங்கட்டலாம் என்ற யோசனை இங்கே எடுபடாது. நகல் முதலிலேயே எடுத்தாயிற்று. ஆனால் புதிதாக வருவது பழைய சர்வருக்குத்தான் வருகிறது.

சிக்கல் மறுமுனையில். படம் பார்க்க வரும் பிள்ளைகளின் மடிக்கணினிகள் விண்டோஸ் 10 அல்லது 11. எதிலும் அந்தப் பகிர்வுக் கோப்புறை திறக்கவில்லை.

கேபிளில் இருந்து தொடங்கினேன். பிங் அனுப்பினால் சர்வர் பதில் தருகிறது. பவர்ஷெல்லில் டெஸ்ட் நெட் கனெக்‌ஷன் கட்டளையால் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன். அதுவும் திறந்தே இருக்கிறது. அப்படியானால் கம்பியிலோ ஃபயர்வாலிலோ பழுது இல்லை. எக்ஸ்ப்ளோரரில் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைக் கொடுத்தபோது ஒரு மடிக்கணினி காரணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: இந்தப் பகிர்வு காலாவதியான எஸ்எம்பி1 நெறிமுறையைக் கேட்கிறது, அது பாதுகாப்பானதல்ல. இன்னொன்றில் வெறும் 0x80070035, அதாவது பிணையப் பாதை கிடைக்கவில்லை என்ற பிழை. நோய் ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு.

எஸ்எம்பி என்பது கணினிகள் கோப்புகளைப் பகிரும்போது பேசும் மொழி. விண்டோஸில் எஸ்எம்பி2 விஸ்டாவோடும் சர்வர் 2008ஓடும்தான் வந்தது. எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும் எஸ்எம்பி1ஐத் தவிர வேறு பேச்சு தெரியாது. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் எஸ்எம்பி1 இயல்பாகவே இருப்பதில்லை. பிணையப் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டுப் பார்த்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. மடிக்கணினி தனக்குத் தெரிந்த எஸ்எம்பி வகைகளை, 2.0.2 முதல் 3.1.1 வரை, அடுக்கிக் கேட்கிறது. சர்வர் மறுமொழி எதுவும் சொல்லாமல் இணைப்பை அறுக்கிறது. நெட்வொர்க் பட்டியலில் சர்வரின் பெயர் தெரியாமல் போனதற்கும் வேர் இதுதான். கணினிகளைத் தேடிப் பட்டியலிடும் பழைய பிரவுசர் சேவையும் எஸ்எம்பி1ஐ நம்பித்தான் இயங்கியது.

இந்த இடத்தில் பலரும் சொல்லும் வழி ஒன்று உண்டு: விண்டோஸ் அம்சங்களின் பட்டியலைத் திறந்து, எஸ்எம்பி1 என்ற பெட்டியில் குறியிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்வது. வேலை நடக்கும். ஆனாலும் நான் அதைச் செய்யவில்லை, யாரையும் செய்யச் சொல்லவும் மாட்டேன். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப்போட்ட வானாக்ரை என்ற நச்சுநிரல் பரவியது எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் சர்வர் 2003க்கும்கூட மே மாதத்தில் அவசரத் திருத்தம் வந்தது. அது எங்கள் சர்வரில் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்த வேலைக்குப் போனேன். இந்தப் பிள்ளைகளின் மடிக்கணினிகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஈப்போவில் இருக்கும் அக்கா வீட்டுக்கும் போய்வருபவை. ஒரு பழைய கணினிக்காக அத்தனை பேருடைய கதவையும் திறந்து வைப்பது நியாயமல்ல. திறக்க வேண்டிய கதவு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதுவும் நம் கண்பார்வையில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்காக வைத்ததுதான் ராஸ்பெரி பை 4 என்ற கையளவு லினக்ஸ் கணினி; இனி சுருக்கமாகப் பை. சர்வரையும் ஸ்கேனர் கணினியையும் மண்டப ரவுட்டரிலிருந்து கழற்றி, தனி ஸ்விட்ச் ஒன்றில் போட்டேன். பையின் கேபிள் துளை அந்த ஸ்விட்சுக்குப் போகிறது. அதன் வைஃபை மண்டப ரவுட்டரோடு பேசுகிறது. இரண்டு பக்கத்துக்கும் இடையே பாக்கெட்டுகளைக் கடத்தும் வசதி அணைந்தே இருக்கிறது. ஆகவே சர்வருக்கு இணையமே கிடையாது, வெளியிலிருந்து அதைத் தொடவும் வழியில்லை. பை மட்டும் பழைய பகிர்வை மவுண்ட் செய்து, அதாவது தன் கோப்புறைபோல் இணைத்துக்கொண்டு, அதையே சாம்பா என்ற பகிர்வு நிரல் மூலம் புதிய நெறிமுறையில் வெளியே கொடுக்கிறது. கிராணி ஐயாவிடம் இதை விளக்கியபோது, “தம்பி, இது நான் பார்த்த வேலைதானே. துரையிடம் இங்கிலீஷ், ஆட்களிடம் தமிழ்” என்றார். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

மவுண்ட் செய்யும்போது நெறிமுறைப் பதிப்பு 1.0 என்று எழுதியே ஆகவேண்டும். லினக்ஸின் உட்கருவான கெர்னலில் 4.13இலிருந்து இயல்புநிலை எஸ்எம்பி1 அல்ல. எழுதாமல் விட்டால் லினக்ஸும் விண்டோஸைப் போலவே கைவிரித்துவிடும். எழுத்துக் குறியாக்க முறை யுடிஎஃப்-8 என்பதையும் சேர்த்தே கொடுத்தேன். ஐயா கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பவர்; சில லினக்ஸ் அமைப்புகளில் இந்த ஒரு சொல் இல்லாவிட்டால் பெயரெல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும். மவுண்டும் படிப்பதற்கு மட்டும், சாம்பா பகிர்வும் படிப்பதற்கு மட்டும். பார்க்க வருபவர்கள் கைதவறி ஒரு செக்ரோலை அழித்துவிடக் கூடாது.

அதிக நேரத்தைத் தின்றது சர்வர் அணைந்திருக்கும் பொழுதுதான். இடி மின்னல் எங்கள் ஊரில் அன்றாடச் சங்கதி. மாலையில் வானம் கறுத்தாலே ஐயா எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுவார். அது சரியான பழக்கம், அதை மாற்றச் சொல்லக் கூடாது. ஆனால் சர்வர் திடீரென்று மறைந்ததும் மவுண்ட் தொங்கிப்போய், அதைத் தொட்ட மடிக்கணினியும் உறைந்து நின்றது. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட் இதற்குக் கைகொடுத்தது: யாராவது திறக்கும்போது மட்டும் இணைக்கும், சற்று நேரம் சும்மா இருந்தால் கழற்றிவிடும். இப்போது காலையில் சர்வர் எழுந்ததும் தானாகவே எல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

அடுத்து விண்டோஸ் 11. 24எச்2 பதிப்புக்கு ஏறியிருந்த ஒரு புரோ கணினி, கடவுச்சொல் கேட்காத விருந்தினர் பகிர்வை மறுத்தது. அந்தப் பதிப்பின் புரோவில் எஸ்எம்பி கையொப்பம், அதாவது ஒவ்வொரு செய்தியிலும் இடும் சரிபார்ப்பு முத்திரை, இயல்பாகவே கட்டாயம். விருந்தினராக நுழைபவருக்குக் கையொப்பமிட வழியில்லை. வாசகர் என்றொரு பயனரைப் பையில் உருவாக்கி, சாம்பாவுக்கு உரிய கடவுச்சொல்லையும் வைத்தபின் கதவு திறந்தது. பையின் இருப்பை விண்டோஸுக்கு அறிவிக்கும் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரலையும் நிறுவினேன். நெட்வொர்க் பட்டியலில் இப்போது வாசகசாலையின் பெயரே தெரிகிறது, ஐபி எண்ணை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரிபார்க்க, மடிக்கணினியின் பவர்ஷெல்லில் கெட் எஸ்எம்பி கனெக்‌ஷன் கட்டளையைக் கொடுத்தேன். டயலெக்ட் என்ற பத்தியில் 3.1.1 என்று வந்தது. அதே நேரத்தில் பையின் மவுண்ட் பட்டியலில் 1.0. பெரிய டிஃப் படக் கோப்புகள் நிதானமாகத்தான் திறக்கின்றன, பழைய சர்வரின் வேகம் அவ்வளவுதான். சிறு படங்களில் தாமதமே தெரியவில்லை.

மிச்சம் இருப்பது இரண்டு வேலைகள். இரவில் சர்வர் ஓடுகிற நாட்களில், புதிதாகச் சேர்ந்த கோப்புகளைப் பையே ஒரு வெளி வட்டுக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் இழுத்துவைக்க வேண்டும். அதற்கான ஸ்கிரிப்டைப் பாதி எழுதியிருக்கிறேன். இன்னொன்று அந்த ஸ்கேனர். லினக்ஸின் ஸ்கேனர் மென்பொருளான ஸேன் அதை அடையாளம் காண்கிறதா என்று அடுத்த வாரம், ஐயாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோதித்துப் பார்க்கப் போகிறேன். கண்டுவிட்டால் எக்ஸ்பியை முதலில் விடுவிக்கலாம், சர்வரை அதற்குப் பிறகு.