முறிகண்டிக் கச்சானும் 1,400 ரூபா பியரும்

போகும் வழி, செலவு, சாப்பாடு என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அந்த பஸ்ஸையும் பியரையும் முதலில் சொல்லி முடிக்காமல் ஆகாது. கொழும்பில் டின் 1,400 ரூபாவுக்கு மூன்று கிராஃப்ட் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல் என்கிற கசப்பான பியர்) வாங்கி வன்னிக்குக் கொண்டுபோனேன். பெயரிலேயே இந்தியா இருக்கிற பியர், வெயிலைத் தாங்குகிறதா பார்ப்போமே என்றுதான்.

வவுனியா வரை ரயில், சொல்ல ஒன்றுமில்லை. அங்கே ஒரு வேலையை முடித்துக்கொண்டு கிளிநொச்சிக்கு ஏறிய தனியார் பஸ்தான் வினை. ஒற்றைக்காலில் நிற்கிறோம், கொண்டக்டர் "பின்னுக்குப் போங்கோ, இடம் கிடக்கு" என்று கத்துகிறார், கத்திக்கொண்டே என் பையைப் பறித்து இஞ்சின் மூடிக்கு மேல் போட்டுவிட்டார். மேலே பங்குனி வெயில், கீழே கொதிக்கிற இஞ்சின், நடுவில் என் 4,200 ரூபா. முறிகண்டியில் பஸ் நின்றபோது பிள்ளையாரிடம் நான் கேட்டது அந்த டின்களுக்காகத்தான். சுடு மணலில் வறுத்த கச்சானும் இரண்டு பை வாங்கினேன், இந்தப் பயணத்தில் காசுக்குப் பெறுமதியானது அதுதான்.

கிளிநொச்சியில் ஓட்டோ. இரணைமடுப் பக்கம் மச்சான் வீட்டுக்கு 1,500 கேட்டார். மச்சானுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் விட்டதும் 800 ஆகிவிட்டது. ஊர்க்காரர் யாரையும் தெரியாதவர் என்ன செய்வார்?

சரி, பியர். மாமியின் பிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் பின்னேரம் வரை குளிரவிட்டு ஊற்றினோம். மங்கலான பொன்னிறம், நுரை நன்றாக நின்றது. டின்னில் சிட்ரா ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற பூவில் ஒரு வகை) என்று போட்டிருந்தார்கள், அப்படியென்றால் எலுமிச்சையும் மாம்பழமும் மூக்கில் ஏறவேண்டும். ஏதோ தூரத்தில் தோடம்பழம் உரிக்கிற மாதிரித்தான் வந்தது. டின்னைத் திருப்பிப் பார்த்தால் அடைத்து ஐந்து மாதம்! ஆக, பஸ்ஸை மட்டும் திட்ட முடியாது, கடைக்காரரும் பழசைத் தள்ளியிருக்கிறார். ஹொப்ஸ் மணம் எண்ணெயில் இருப்பது, சூட்டிலும் நாள்பட்டும் முதலில் போவது அதுதான். கசப்பு அப்படியில்லை, கொதிக்கவைக்கும்போதே பியரில் ஊறி நின்றுவிடும். அது குறையாமல் இருந்தது.

இந்தப் பியரின் பெயரில் இந்தியா வந்த கதையும் பயணக் கதைதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ‘போ’ (Bow) என்ற பகுதியில் ஹோட்சன் என்பவரின் மதுவடிசாலை கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களில் இந்தியாவுக்குப் பியர் அனுப்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் பியர் புளிக்காமலிருக்க ஹொப்ஸை அள்ளிப் போட்டார்கள். 1820களில் இங்கிலாந்தின் பேர்ட்டன் ஊர்க்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள், ஜிப்சம் கலந்த அவர்கள் ஊர்த் தண்ணீரில் அந்தக் கசப்பு இன்னும் துலக்கமாக வந்தது. கெடாமல் வந்து சேரத்தான் அவ்வளவு ஹொப்ஸ், மாம்பழ மணத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

மாமா ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதுக்கு 1,400ஆ?" என்றார், மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, கிளாஸை மச்சான் பக்கம் தள்ளிவிட்டார். விரால் பொரியலோடு குடித்தால் மிளகாய்த்தூளின் எரிச்சல் இரட்டிப்பாகிறது, தயவுசெய்து வேண்டாம். ஆனால் உப்புக் கச்சானோடு குடித்துப் பாருங்கள்! உப்பு கசப்பை அடக்கிவிடுகிறது, அடியில் இருக்கிற மோல்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்பு மேலே வருகிறது. லாகர் எதுவும் கச்சானுக்கு இவ்வளவு பொருந்தி நான் கண்டதில்லை. கச்சானோடு பத்துக்கு ஏழு, தனியே ஐந்து, விலையையும் பார்த்தால் நான்கு.

அடுத்த நாள் காலை மச்சான் கள்ளுத் தவறணைக்குக் கூட்டிப்போனான். பனங்கள்ளு சீசன், மரத்திலிருந்து இறக்கி அதிக நேரமில்லை, லேசான இனிப்பு, பின்னால் மெல்லிய புளிப்பு. இதைக் கப்பலில் அல்ல, கொழும்பு பஸ்ஸில்கூட ஏற்ற முடியாது, பின்னேரமே புளித்துவிடும். ஒரு டின்னின் காசில் மூன்று பேர் குடித்து, மிச்சத்தில் மீனும் வாங்கினோம்.

போகிறவர்கள் கலண்டரைப் பார்த்துப் போங்கள், போயா என்கிற பௌர்ணமி நாளில் தவறணையும் பூட்டு, பாரும் பூட்டு.